செவியில் நோவு, தாடையில் மூலம்

தறியைப் பழுது பார்ப்பதிலும் பம்புசெட்டைப் பழுது பார்ப்பதிலும் நாம் காட்டும் அக்கறையில் நான்கில் ஒரு பங்கைக்கூட நம் உடலைப் பேணுவதில் காட்டுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறோம். காதில் வலி கண்டாலோ மாதக் கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்; அல்லது கைக்கு அகப்பட்டதைக் காதில் ஊற்றிக்கொள்கிறோம். அவ்விதம் பொறுத்தும் ஊற்றியும் துன்புற்ற அங்கத்தினர் ஒருவரின் அனுபவத்தைக் கூறி, அதன் வாயிலாக நம் அனைவருக்கும் பயன்படக்கூடிய ஒரு செய்தியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது யாது?

அவர் கைத்தறி நெசவாளர். முப்பத்தைந்து வயதை எட்டிய அம்மையார். பெயரைக் கூறுவது அவசியமன்று. அவருக்கு வலது காதில் வலி கண்டது. முதலில் இரவில் மட்டும் இருந்தது. பிறகு பகலிலும் தொடர்ந்தது. காது அடைத்தாற்போல் இருந்ததுடன், அமைதியான வேளைகளில் சில்வண்டு இரைவது போன்ற ஓசையும் கேட்டுக்கொண்டேயிருந்தது. வீட்டார் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினர், குணமில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் இரண்டு புட்டிகள் தீர்ந்தன, குணமில்லை. கொண்டையூசியால் குடைந்து பார்த்தார். வலி அதிகரித்ததே தவிரக் குறையவில்லை.

நான்கு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. உறக்கம் கெட்டதால் தறியில் உட்காரும் நேரம் குறைந்தது. முகூர்த்த காலத்துக்கென ஏற்றுக்கொண்ட சேலைகளைக் குறித்த நாளில் சங்கத்தில் ஒப்படைக்க இயலவில்லை, கூலியும் குறைந்தது. காது அறவே கேளாமற்போய்விடுமோ என்ற அச்சம் வேறு அவரை வாட்டியது.

இறுதியில் அரசாங்க மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் கருவியால் காதை நோக்கினார். செவிப்பறை பழுதின்றி இருந்தது. கொண்டையூசி கீறிய புண் ஒன்றைத் தவிரக் காதினுள் வேறு குறை தென்படவில்லை. கேட்கும் திறனைச் சோதித்ததில் அதுவும் சரியாகவே இருந்தது. பின்னர் மருத்துவர் தம் இரு விரல்களையும் அம்மையாரின் இரு காதுகளுக்கும் சற்று முன்னே வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். வலப்புறத்தில் ‘டக்’கென்று ஓர் ஓசை எழுந்தது. அவ்விடத்தைச் சிறிது அழுத்தியதும், “இதே வலிதான் ஐயா, நான் காதுக்குள் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த வலிதான்!” என்று அம்மையார் கூவிவிட்டார்.

நோவு தோன்றிய இடம் காது. அதன் மூலமோ தாடை மூட்டு. இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

தாடை மூட்டின் அமைப்பு

அங்கத்தினர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தம் ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னே, ஒரு விரற்கிடை தூரத்தில் வைத்து, வாயைத் திறந்து மூடிப் பார்க்கலாம். தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று அசைவது தெரியும். அதுவே கீழ்த்தாடை எலும்பின் குமிழ். அது மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பிலுள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. குமிழுக்கும் குழிக்கும் இடையே, எலும்போடு எலும்பு உராயாதபடி, உறுதியான நார்த்தகடு ஒன்று அமைந்திருக்கிறது. இம்மூட்டுக்குப் பின்சுவராக நிற்கும் எலும்பே காதுக் குழாய்க்கு முன்சுவராகவும் நிற்கிறது. இரண்டு வீடுகளுக்கு ஒரே பொதுச் சுவர் இருப்பதைப் போன்றது இது.

உடம்பிலுள்ள மூட்டுக்களில் ஓய்வின்றி உழைப்பவற்றுள் இதுவும் ஒன்று. பேசும்போதும், உண்ணும்போதும், விழுங்கும்போதும், கொட்டாவி விடும்போதும் இது இயங்குகிறது. இயங்கும் விதமும் எளிதானதன்று. வாயைச் சிறிது திறக்கும்வரை கதவின் கீலைப் போலச் சுழல்கிறது. மேலும் திறக்கும்போது குமிழும் தகடும் சேர்ந்தே முன்னோக்கி நழுவுகின்றன. வலமும் இடமும் ஒரே காலத்தில், ஒரே அளவில் நழுவ வேண்டும். தறியில் இரு மிதிகளும் ஒன்றற்கொன்று இசைந்து வேலை செய்தாலன்றி நாடா தடையின்றி ஓடாது. அதைப் போன்றதே இதுவும். தகடு தன் இடத்திலிருந்து விலகி நின்று, திறக்கும்போது மீண்டும் குமிழின்மேல் ஏறுமானால் ‘டக்’கென்ற ஓசை கேட்கிறது.

இந்த ஓசை மட்டும் இருந்து, வலியோ வாய் திறப்பதில் தடையோ இல்லையென்றால் அஞ்ச வேண்டுவதில்லை, சிகிச்சையும் தேவையில்லை. நலமுடையவர்கள் பலருக்கும் அது உண்டு. வலியோடு கூடிய நிலையையே தாடை மூட்டுக் கோளாறு என்கிறோம். மூட்டு மட்டுமின்றி, தாடையை இயக்கும் தசைகள் இறுகி நோவதும் இக்கோளாற்றில் அடங்கும். கன்னத்திலுள்ள மெல்லும் தசையும், நெற்றிப்பொட்டில் விரிந்துள்ள தசையும் இவற்றுள் முக்கியமானவை. வயது வந்தோரில் நூற்றுக்கு 5 முதல் 12 பேர் வரை இக்கோளாற்றுக்கு உள்ளாவதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். ஆடவரைவிடப் பெண்டிர்க்கே இது மிகுதி.

தாடையின் வலி காதில் தோன்றுவானேன்?

விவசாய அங்கத்தினர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரு வயல்களின் வடிகால்கள் ஒரே வாய்க்காலில் கலக்கின்றன என்று கொள்வோம். வாய்க்காலின் கோடியில் நிற்பவனுக்குக் கலங்கல் நீர் வருவது தெரியும். எந்த வயலிலிருந்து வருகிறதென்று தெரியாது. எப்பொழுதும் கலங்கல் வரும் வயல் எதுவோ அதிலிருந்துதான் வருகிறதென்று அவன் எண்ணிவிடுவான்.

நம் மூளையும் இவ்வாறே ஏமாறுகிறது. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பெருநரம்பு மூன்று கிளைகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றுள் கீழ்த்தாடைக் கிளையிலிருந்து தோன்றும் ஒரு சிறு நரம்பே தாடை மூட்டுக்கும், காதுக் குழாயின் முன்புறத்துக்கும், செவிப்பறையின் ஒரு பகுதிக்கும், நெற்றிப்பொட்டுத் தோலுக்கும் உணர்ச்சி அளிக்கிறது. மூட்டிலிருந்து வரும் வலிச் செய்தியைக் காதிலிருந்து வந்ததாக மூளை கொண்டுவிடுகிறது. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையானால் காது வலிப்பதும் இக்காரணத்தாலேயே.

உறவு இதோடு நிற்கவில்லை. செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் சிறு தசையும், நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழலைத் திறக்கும் தசையும் மெல்லும் தசைகளை இயக்கும் அதே நரம்புக் கிளையால் இயக்கப்படுகின்றன. ஆகவே தாடைத் தசைகள் ஓயாது இறுகியிருக்கும்போது காது அடைத்தாற்போல் தோன்றுவதும் இரைவதும் இவற்றின் வழியே நேரக்கூடும் என்று கருதுகின்றனர். காது இரைச்சல் உள்ளவர்களிற் பலர் பல்லைக் கடித்தாலோ தாடையை முன்தள்ளினாலோ இரைச்சலின் அளவு மாறுவதை உணர்கின்றனர். கழுத்து, தாடை ஆகியவற்றின் உணர்ச்சி நரம்புகளும் கேள்வி நரம்பும் மூளைத் தண்டில் ஒன்றையொன்று தொடுவதே இதற்குக் காரணம்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நடுச்செவியில் ஓசையைக் கடத்தும் மூன்று நுண்ணிய எலும்புகளுள் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும், கருவில் கீழ்த்தாடைக்கு அடிகோலும் குருத்தெலும்பிலிருந்தே தோன்றுகின்றன. பல்லி, முதலை முதலிய பிராணிகளில் இவ்வெலும்புகளுக்கு நேரானவை தாடைக் கீலாகவே அமைந்திருக்கின்றன. இவ்வுண்மையை ஜெர்மானிய அறிஞர் ரைக்கெர்ட் 1837ஆம் ஆண்டிலேயே கண்டு வெளியிட்டார். எனவே காதும் தாடையும் அண்டை வீட்டார் மட்டுமல்லர். ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்த பங்காளிகளுமாவர்.

இதைக் கண்டறிந்த வரலாறு

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரான ஜேம்ஸ் காஸ்டன் என்பவர் 1934ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காது வலி, அடைப்பு, இரைச்சல், தலைசுற்றல் என்று தம்மிடம் வந்த சிலருக்குக் காதில் நோயில்லை என்றும், தாடை மூட்டின் சீர்கேடே காரணம் என்றும் அதில் அவர் கூறினார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மிஞ்சி மூடிக்கொள்வதால் குமிழ் பின்னே நகர்ந்து நரம்பையும் செவிக் குழலையும் அழுத்துகிறது என்பது அவர் கொள்கை. பல ஆண்டுகள் இது ‘காஸ்டன் நோய்க்குறித்தொகுதி’ என்றே வழங்கியது.

பின்வந்த உடற்கூற்று அறிஞர்கள் அவ்வாறு அழுத்துவதற்கு இடமில்லை என்று காட்டினர். ஆகவே காஸ்டன் கூறிய காரணம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை நிலைத்தது. 1950ஆம் ஆண்டுகளிலிருந்து ஆராய்ந்தவர்கள், பல்லின் வரிசையை மட்டும் பாராமல், தசைகளின் இறுக்கத்தையும் மனத்தின் கவலையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினர். இன்றைய சிகிச்சை முறை அவ்வழியில் வந்ததே.

இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. 1970, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்கு மூட்டைத் திறந்து, விலகிய தகட்டை நீக்கி, டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டைப் பொருத்தினர். அது தேய்ந்து சிதறி, சுற்றியுள்ள எலும்பையே அரித்துவிட்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் தலையிட்டு, அத்தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. மீட்க முடியாத சிகிச்சைக்கு அவசரப்படலாகாது என்ற பாடத்தை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது.

எவ்வாறு அறிவது?

காதில் நோவுள்ளவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தம்மிடம் சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் நோவு மிகுகிறதா? இரண்டாவது, காலையில் எழும்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் களைத்து வலிக்கின்றனவா? இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டார் கூறுகின்றனரா? மூன்றாவது, காதுக்கு முன்னேயுள்ள மூட்டையோ கன்னத்துத் தசையையோ அழுத்தினால் அதே வலி எழுகிறதா? நான்காவது, நடு மூன்று விரல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து வாயில் நுழைக்க முடிகிறதா? முடியாவிடில் வாய் திறப்பது குறைந்திருக்கிறது என்று பொருள்.

இவற்றிற்கு ஆம், ஆம் என்றே விடை வந்தாலும், தாடைதான் காரணமென்று தாமே முடிவு கட்டிவிடலாகாது. காதுக் குழாயில் புண் இருப்பினும் மெல்லும்போது வலிக்கும். ஆகவே மருத்துவர் ஒருமுறை காதினுள் நோக்க வேண்டியது இன்றியமையாதது. காது நலமாயிருக்கிறதென்று தெரிந்த பின்னரே தாடையின் பக்கம் திரும்ப வேண்டும்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

காதிலிருந்து சீழோ இரத்தமோ வடிதல், காய்ச்சல், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை தாடை மூட்டுக் கோளாற்றின் குறிகள் அல்ல. ஒரு காது திடீரென்று கேளாமற்போனால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாள் கடந்தால் கேள்வியை மீட்பது அரிது.

வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கமுடைய அங்கத்தினர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்கக் கோருகிறோம். பாக்கினால் வாயின் உட்தோல் நாளடைவில் நாராக இறுகி, வாய் திறப்பது சிறிது சிறிதாகக் குறையும் நோய் ஒன்றுண்டு. அதில் காரம் பட்டால் வாய் எரியும். காதிலும் வலி தோன்றக்கூடும். இதைத் தாடை மூட்டுக் கோளாறென்று எண்ணி வாளாவிருந்தால் பின்னர் புற்றுநோயாக மாறவும் கூடும். நாவின் அடி, தொண்டை ஆகிய இடங்களில் எழும் புற்றுநோய்க்கு முதல் அறிகுறி சில சமயம் காது வலியே. வாயில் இரண்டு மூன்று வாரங்களாக ஆறாத புண், விழுங்குவதில் வலி, குரல் மாற்றம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் கூறியுள்ளது.

நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ தாடையில் வலி எழுந்து, நெஞ்சும் இறுகி, வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு மெல்லும்போது தாடை நோவதுடன் நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலியும் காணுமாயின், கண்பார்வையைப் பறிக்கக்கூடிய இரத்தக்குழாய் நோயாகவும் இருக்கலாம். இவ்விரண்டிலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

செய்ய வேண்டுவன

தாடை மூட்டுக் கோளாறே என்று உறுதியானால் அங்கத்தினர்கள் மனம் தளர வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்கு எளிய முறைகளாலேயே குணம் கிட்டுகிறது.

மூட்டுக்கு ஓய்வு கொடுப்பதே முதற் சிகிச்சை. சில வாரங்களுக்குக் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி போன்ற மெல்லிய உணவை உண்ணலாம். கரும்பு, முறுக்கு, வறுத்த புளியங்கொட்டை, பாக்கு ஆகியவற்றை விலக்க வேண்டும். கொட்டாவி வரும்போது முகவாயின்கீழ் கையை முட்டுக்கொடுத்து, வாய் அகலத் திறவாமல் தடுத்துக்கொள்ள வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்திலும் காதின் முன்னும் கால் மணி நேரம் ஒத்தடம் கொடுப்பது தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். நாவின் நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு, வலி தோன்றாத அளவுக்கு வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சியை நாளொன்றுக்குச் சில முறை செய்யலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது பல்லைக் கடிக்கும் பழக்கத்தை உணர்ந்து விடுவது. உதடுகள் மூடியிருக்கும்போதும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் சிறிது விலகி நிற்பதே தாடையின் இயற்கையான ஓய்வு நிலை. உண்பதற்கும் விழுங்குவதற்குமாக ஒரு நாளில் பற்கள் சேரும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ 20 நிமிஷங்களே ஆகும். ஆனால் கருத்தூன்றி வேலை செய்யும் நெசவாளர் பலர், புட்டா நெய்யும்போது மணிக் கணக்கில் பல்லை இறுகக் கடித்திருக்கின்றனர். தம்மையறியாமலே செய்வதால் கேட்டால் இல்லை என்பர். கடன் தவணையை எண்ணியும், பொய்த்த மழையை எண்ணியும் இரவில் பல்லைக் கடிப்போரும் உண்டு. தறியின் முன்னே கண்ணில் படும்படி ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்து, அதைக் காணும்தோறும் “உதடு சேர, பல் விலக” என்று நினைவுகூர்வது நல்ல உபாயம். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதை விட்டுக் கத்தரியை உபயோகிக்க வேண்டும்.

இவற்றால் குறையாவிடில் பல் மருத்துவர் இரவில் பல்லின்மேல் அணியத்தக்க தகடு ஒன்றை அளவெடுத்துச் செய்து கொடுப்பார். வலி மாத்திரைகளை மருத்துவர் கூறும் அளவில், கூறும் நாட்களுக்கு மட்டுமே உட்கொள்ள வேண்டும். பற்களை அராவிச் சரிப்படுத்துவது, அறுவை செய்வது போன்ற மீளாச் சிகிச்சைகளை எவரேனும் எடுத்த எடுப்பில் கூறினால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு முடிவு செய்வதே விவேகம்.

செய்யலாகாதன

காதில் எண்ணெயோ, பூண்டுச் சாறோ, வேறெதுவுமோ ஊற்றலாகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுச்செவிக்குள் புகுந்து கேடு விளைவிக்கும். பூண்டுச் சாறு தோலை வேகவைக்கவும் கூடும். கொண்டையூசி, தீக்குச்சி, கோழி இறகு எதையும் காதில் நுழைக்கலாகாது.

விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்வோர் காது இரைச்சலைத் தாடையின்மேல் மட்டும் ஏற்றிவிடலாகாது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசை செவிக்குத் தீங்கு என்பர். விசைத்தறிக் கூடங்களில் ஓசை இவ்வளவைக் கடப்பது சாதாரணம். ஓசையால் வந்த கேள்விக் குறைவு மீளாது. ஆகவே செவிச் சோதனை செய்துகொள்வதும், வேலையின்போது செவியடைப்பான் அணிவதும் அவசியம். வெறும் பஞ்சை அடைத்துக்கொள்வது போதாது.

முடிவுரை

நாம் முதலிற் கூறிய அம்மையார் எவ்வாறு இருக்கிறார் என்று அங்கத்தினர்கள் அறிய விரும்பக்கூடும். ஒத்தடமும், மெல்லிய உணவும், சிவப்பு நூலும், இரவில் அணியும் தகடுமாக இரண்டு மாதங்களில் வலி பெரும்பாலும் நீங்கிவிட்டது. இரைச்சல் முற்றும் போகவில்லை. உறக்கத்தைக் கெடுக்காத அளவுக்குக் குறைந்திருக்கிறது. செவிடாகிவிடுவோமோ என்ற அச்சம் அகன்றதே பாதிக் குணம் என்று அவர் கூறுகிறார். முன்போல் முழு நாளும் தறியில் அமர்கிறார். நான்கு மாதக் கூலியை மட்டும் எவராலும் திருப்பித் தர இயலவில்லை.

கடைமடைக்கு நீர் வரவில்லையென்றால் கடைமடையை வெட்டிப் பயனில்லை. தலைமதகைச் சென்று பார்க்க வேண்டும் என்பதை நம் விவசாய அங்கத்தினர்கள் அறிவார்கள். காது நோவுக்கும் அதுவே பொருந்தும். காதை முதலில் மருத்துவரிடம் காட்டுவோம்; காதில் குறையில்லை என்று அவர் கூறினால், “என் தாடையையும் சற்றுப் பாருங்கள் ஐயா” என்று கேட்கத் தயங்காதிருப்போம். அந்த ஒரு வார்த்தை பல மாதத் துன்பத்தையும், பல நூறு ரூபாய்ச் செலவையும் மிச்சப்படுத்தக்கூடும். இதைப் படித்தறிந்தவர்கள் படிக்க இயலாத அங்கத்தினர்களுக்கும் எடுத்துச் சொல்வார்களாக.